அறுந்திருக்க வேண்டிய நூல்

போன மாதம் எங்கள் சினிமா உடைப் பிரிவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் பழைய படம் ஒன்றின் வீடியோத் துண்டைப் போட்டிருந்தாள். காலேஜில் படித்துப் பட்டம் வாங்கி, இப்போது நல்ல நல்ல படங்களில் வேலை பார்க்கிறவள். கேள்வி எனக்குத்தான். "லோகா அக்கா, இது நீங்க ஒர்க் பண்ண வேட்டைப் படம்தானே? ஜீப்ல இருந்து எட்டிப் பிடிக்கும்போது அந்தப் பொண்ணு குர்தா முதுகோட கிழியுதே, அது சி.ஜி.தானே?"

"இல்லமா, அது இத்துப்போன நூல்" என்று பதில் போட்டேன். அவ்வளவுதான், குழுவில் ஆளாளுக்குக் கேள்விக்குறியாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். இப்போது கிழிசலைக் கம்ப்யூட்டரில் கிழிக்கிறார்கள், ரத்தத்தையும் அதிலேயே ஊற்றுகிறார்கள். நல்லதுதான். யாருக்கும் அடிபடாமல் வேலை முடிகிறதென்றால் குறை சொல்ல நான் யார்? ஆனால் கேட்டுவிட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் குறுகிய பதில் கிடைக்காது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். அறுந்த இழையைப் பிணைக்க எழுதப் படிக்கும் முன்பே தெரியும். கல்யாணத்துக்குப் பிறகு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். ஊருக்குள் ஒரு படப்பிடிப்பு வந்தபோது, நடனக்காரப் பெண்கள் இருபது பேருக்கு ரவிக்கை இறுக்கமாகிவிட்டது என்று அவசரமாக ஆள் தேடினார்கள். மண்டபத்து ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன். உடைப் பிரிவின் தலைவர் தஸ்தகீர் மாஸ்டர் ஒரு ரவிக்கையை வாங்கி, முன்பக்கம் பார்க்காமல் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கும் வாம்மா" என்றார். அந்த 'நாளைக்கு' முடிய இருபத்தாறு வருஷம் ஆனது.

மாஸ்டரும் எங்கள் ஊர்க்காரர்தான். நவாப் படையோடு கூடாரம் தைக்க வந்த தையற்காரரின் வம்சம் என்று சொல்லிக்கொள்வார். சாட்சிக்கு யாரும் இல்லாததால் நாங்களும் மறுக்கவில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். தப்பாகத் தைத்துவிட்டால் துணியை நம் கையிலிருந்து வாங்கி, பிளேடால் தானே ஒவ்வொரு தையலாகப் பிரிப்பார். அது முடியும்வரை நாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திட்டு வாங்கினால்கூடத் தேவலை என்று தோன்றும். அவர் போட்டிருந்த ஒரே சட்டம், கேமராவுக்குப் போகும் எந்தத் துணியும் அவர் கையில் ஒருமுறை வந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது.

வேட்டைப் படத்துக்கு வருகிறேன். பணத்தில் புரளுகிற நாலு பேர், ஏழைகளை வேலை தருவதாகக் கூட்டி வந்து ஒரு காய்ந்த ஏரியில் விட்டு, மறுநாள் பொழுது சாய்வதற்குள் துப்பாக்கியால் வேட்டையாடுகிறார்கள். அதற்குப் பந்தயம் வேறு. அகப்பட்டவர்களில் ஒரு பெண் மட்டும் திரும்பி நின்று அவர்களையே வேட்டையாடுகிறாள். கதை சொன்ன உதவி இயக்குநர் எங்கள் முகத்தில் திகிலை எதிர்பார்த்தார். "மனுஷனை மனுஷன் வேட்டையாடறதுக்கு ஏரிக்கு எதுக்குபா போவணும், ஊருக்குள்ளயே நடக்குதே" என்றேன். அவர் அதற்குப் பிறகு எனக்குக் கதை சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

கோடையில் வாலாஜாபாத் பக்கம் தென்னேரி ஏரி வற்றிக் கிடந்தது. அங்கேதான் ஒரு மாதப் படப்பிடிப்பு. கதை நடப்பது இரண்டே நாள் என்பதால் கதாநாயகிக்குப் படம் முழுக்க ஒரே உடை, அரக்கு நிறக் குர்தா. எங்களுக்கு அது பதினெட்டு உடை. முதல் குர்தா புதுசு. இரண்டாவதில் வேர்வை. மூன்றாவதில் முழங்கை கிழிந்திருக்கும். இப்படியே போய்ப் பதினெட்டாவது, குர்தா என்று சொல்ல வாய் கூசும் நிலையில் இருக்கும். தேங்காய்த் துருவியில் தேய்ப்போம், டீ டிகாக்ஷனில் நனைப்போம், ஏரி மண்ணைப் போட்டுக் கசக்குவோம். ஒவ்வொன்றின் உள்பக்கமும் எண் தைத்திருக்கும். எண் மாறினால் கதை மாறிவிடும். வேட்டைக்காரர்களுக்கு இதற்கு நேர்மாறு. "கொல்றவன் சட்டையில சுருக்கம் இருக்கக் கூடாதுமா. அவன் கஷ்டப்படவே இல்லன்னு ஜனத்துக்குத் தெரியணும்" என்று மாஸ்டர் அவர்களுடைய சந்தன நிறச் சட்டைகளைத் தன் கையாலேயே பெட்டி போடுவார்.

அதே பதினெட்டு குர்தாக்கள் இன்னொரு செட்டும் இருந்தன. அவை கதாநாயகிக்கு டூப் போட்ட அமுலுவுக்கு. ஓடுவது, விழுவது, உருளுவது எல்லாம் அவள்தான். வியாசர்பாடிப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். அந்தக் காலத்தில் பெண்களுக்கும் ஆம்பிளைகள்தான் விக் வைத்து டூப் போடுவார்கள். முகம் தெரியாது, தோள்பட்டை மட்டும் காட்டிக் கொடுக்கும். அமுலுவும் அதுவரை ஒன்றிரண்டு காட்சிகளுக்கு மட்டும்தான் கூப்பிடப்பட்டிருந்தாள். ஒரு படம் முழுக்க ஒரே ஆளாக வந்தது அதுதான் முதல் தடவை.

"இதுல நான் நின்னுட்டேன்னு வெச்சிக்கோக்கா, அடுத்த பொம்பளைக்கு யாரும் விக்கு தேட மாட்டாங்க. சொதப்பிட்டேன்னா, பத்து வருசத்துக்கு என் கதையத்தான் சொல்லிக்கினு இருப்பாங்க" என்று முதல் நாளே சொன்னாள்.

அவளுடைய நெஞ்சுரத்தை எறும்பு மொய்த்த அன்று பார்த்தேன். நாங்கள் பூசும் ரத்தம் சர்க்கரைப் பாகில் சாயம் கலந்தது. கருவேல மரத்தடியில் அவள் ஒளிந்து கிடக்கும் காட்சி. வேட்டைக்காரர்கள் பக்கத்தில் நடந்து போவார்கள், அவள் அசையக் கூடாது. ஏரியில் இருந்த எறும்பு அத்தனையும் விருந்துக்கு வந்துவிட்டது. கட் சொல்லும்வரை அவள் இமைக்கவில்லை. குர்தாவைக் கழற்றினால் முதுகெல்லாம் தடிப்பு. நான் எண்ணெய் தடவத் தடவ, "அந்த டைரக்டர் தலையில ஒரு படி பாகு ஊத்தணும்க்கா" என்று சிரித்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள் மேல் ஒரு தனிப் பாசம்.

இனி ஜீப் காட்சி. அமுலு ஏரிக்குள் ஓடுவாள். பின்னால் வரும் ஜீப் அவளைத் தாண்டும்போது அதிலிருந்து வேட்டைக்காரன் எட்டி அவள் குர்தாவின் முதுகைப் பிடிப்பான். நாலு எட்டு இழுபட்டதும் முதுகுத் துணி கிழிந்து அவன் கையோடு போகும். இவள் விடுபட்டு உருண்டு எழுந்து ஓட வேண்டும். நடிகரின் கைப்பிடியை நம்ப முடியாது. அதனால் முதுகுத் துணியின் உள்ளே ஒரு வார் தைத்து, அதை மெல்லிய கம்பிக் கயிற்றால் ஜீப்போடு இணைத்திருந்தார்கள். நடிகர் பிடிப்பதுபோலப் பாவனை செய்வார், இழுப்பது ஜீப். ஆக அமுலுவை விடுவிக்க வேண்டியது நூல் ஒன்றுதான்.

அதற்கென்று மாஸ்டரிடம் ஒரு தகர டப்பா உண்டு. மாதக்கணக்கில் மொட்டை மாடி வெயிலில் போட்டு இத்துப்போக வைத்த வெள்ளைப் பருத்தி நூல். முதுகுத் துணியைத் தனியாக வெட்டிவிட்டு, அந்த நூலால் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட வேண்டும். விரலால் இழுத்தாலே விட்டுவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை. மாஸ்டர் ஜும்மா தொழுகைக்கு வாலாஜாபாத் போயிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஜீப் காட்சி என்று சொல்லியிருந்தார்கள். மேகம் கூடவும், இப்போதே எடுத்துவிடலாம் என்று மாற்றிவிட்டார்கள். முதல் டேக்கில் துணி ஒழுங்காகக் கிழிந்தது, கேமராவுக்கு ஃபோகஸ் போய்விட்டது. இரண்டாவது டேக்கிலும் கிழிந்தது. ஆனால் மானிட்டரைப் பார்த்த இணை இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையா நூல் தெரியுது. பல்லு மாதிரி!"

எனக்குச் சுருக்கென்றது. நான் காஞ்சிபுரத்துக்காரி. சொன்ன நிறத்திலிருந்து நூலளவு மாறினாலும் புடவையைத் திருப்பி அனுப்புகிற ஊர். என் கைவேலையில் நிறம் பொருந்தவில்லை என்று ஐம்பது பேர் முன்னால் ஒருவர் சொல்லிவிட்டார்.

என் தையல் பெட்டியில், நடிகைகளின் பட்டுப்புடவை வேலைக்காகத் தம்பி வீட்டுத் தறியிலிருந்து கொண்டுவந்த நூல் துண்டுகள் நிறவாரியாக இருந்தன. அரக்கும் இருந்தது. குர்தா மேல் வைத்தால் நூல் எங்கே என்று கண் தேட வேண்டும், அப்படி ஒரு பொருத்தம். தலைமயிர் கனம்தான் இருந்தது. இத்தனை மெல்லிசு, ஜீப் இழுத்தால் தாங்குமா என்று என் புத்தி எனக்கே சமாதானம் சொன்னது. ஆனால் அது தறியில் நீளவாக்கில் பாவுக்கு ஓட்டுகிற முறுக்குப் பட்டு, லேசில் அறாது. பச்சைக் குழந்தையாக இருந்தபோதே அதை இழுத்து விரலை அறுத்துக்கொண்டவள் நான். அந்த நிமிஷம் என் கண்ணுக்கு நிறம்தான் தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை. கையும் பழக்க தோஷத்தில் பொடிப் பொடித் தையலாகப் போட்டுக்கொண்டே போனது. "அக்கா, ரெடியா?" என்று மைக்கில் கத்தினார்கள். இழுத்துப் பார்க்கவில்லை. "ரெடி" என்றேன்.

ஜீப் வந்தது. நடிகர் எட்டினார். கம்பி விறைத்தது. நாலு எட்டு ஆயிற்று, ஐந்து, ஆறு. துணி கிழியவில்லை. அமுலுவின் கால் தடுக்கியது, முழங்கால் தரையில் தேய்ந்துகொண்டே போனது. குர்தாவின் கழுத்துப் பட்டி அவள் தொண்டையை இறுக்கியது. அவளால் கத்தக்கூட முடியவில்லை. நான்தான் கத்தினேன். டிரைவர் நல்லவேளையாகக் கண்ணாடியில் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தார்.

முழங்கால் கவசம் போட்டிருந்ததால் எலும்பு தப்பியது. தோள் பிசகியிருந்தது, கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. டாக்டர் பார்த்துவிட்டு, பத்து நாள் ஓய்வு போதும் என்றார். அதற்குள் காரணம் தேடும் படலம் ஆரம்பமாகிவிட்டது. சண்டை மாஸ்டர் கெட்டவரில்லை, ஆனால் முடிவு எடுப்பதில் அவசரக்காரர். "கம்பி டைட்டானதும் குதிகாலை ஊனிப் பக்கவாட்டுல எகிறுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எகிறல. பயந்துட்டா. ரெண்டு டேக்குல கிழிஞ்ச துணி மூணாவதுல ஏன் கிழியல?" என்றவர் இயக்குநரிடம் திரும்பினார். "இனிமே ரிஸ்க் வேணாம் சார். நம்ம பையனுக்கு விக் வெச்சு முடிச்சிடலாம்."

கட்டுப் போட்ட தோளோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அமுலு, "நான் எகிறினேன் மாஸ்டர், சத்தியமா எகிறினேன்" என்றாள். தொண்டை இறுகியிருந்ததால் குரல் வெளியே வரவில்லை. யாரும் காதில் வாங்கவில்லை.

இங்கே நான் செய்ததையும் எழுதியாக வேண்டும். எழுத வெட்கமாக இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. குர்தாவை எடுத்துக்கொண்டு எங்கள் வேனுக்குள் போய், பிளேடால் அந்தப் பட்டு நூலை முழுக்க உருவி என் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன். என்ன நினைத்துச் செய்தேன் என்றால், ஒன்றும் நினைக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம் மட்டும்தான் இருந்தது. கொல்கிறவன் சட்டையில் சுருக்கம் இருக்கக் கூடாது என்று மாஸ்டர் சொன்னாரே, அன்று என் புடவையிலும் ஒரு சுருக்கம் இல்லை.

தொழுகை முடிந்து மாஸ்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். முதலில் அமுலுவைப் போய்ப் பார்த்தார். பிறகு வேனுக்கு வந்து கையை நீட்டினார். குர்தாவைக் கொடுத்தேன். வழக்கம்போல உள்பக்கத்தைத் திருப்பினார். நூல் இல்லை, ஊசித் துளை மட்டும் வரிசையாக இருந்தது. அந்தத் துளைகள் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார்.

"தையல் நல்லா இருக்குதுமா" என்றார்.

அவ்வளவுதான். ஓட்டுத் தையலின் துளை இவ்வளவு நெருக்கமாக இருக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். குர்தாவை மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிளேடை எடுக்கவில்லை, பிரிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அழுதேன். அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தார்.

"நான் போய்ச் சொல்லிடவா மாஸ்டர்?"

"நான் சொன்னா அது கோள். நீ சொன்னாத்தான்மா உண்மை."

எல்லோரும் மர நிழலில் இருந்தார்கள். போய் நின்றேன். "அமுலு மேல தப்பில்ல சார். டப்பா நூல் வெள்ளையா தெரியுதுன்னு நான் பட்டு நூலால தைச்சுட்டேன். இழுத்தும் பாக்கல" என்றேன்.

சண்டை மாஸ்டர் நம்பவில்லை. "வெறும் நூலும்மா அது! அந்தப் பொண்ணுக்காகப் பொய் சொல்றியா?" என்றார். சுருக்குப் பையிலிருந்து ஒரு முழம் எடுத்து அவர் கையில் கொடுத்து, "அறுங்க சார்" என்றேன். எத்தனையோ பேரைத் தூக்கி எறிந்த கை. இரண்டு விரலில் சுற்றிக்கொண்டு இழுத்தார். மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். விரலில் ரத்தம் கசிந்தது. நாங்கள் கலக்காத ரத்தம். நூல் அப்படியே இருந்தது.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தயாரிப்பு நிர்வாகி என்னை அப்போதே பஸ் ஏற்றிவிடச் சொன்னார். தஸ்தகீர் மாஸ்டர் முன்னால் வந்தார். "தாராளமா அனுப்புங்க சார். ஆனா ஒண்ணு. உண்மைய சொன்னவள அனுப்பிச்சீங்கன்னா, நாளைக்கு இன்னொருத்தன் தப்புப் பண்ணா வாய மூடிக்குவான். அப்ப கீழ விழறவங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். இயக்குநர் என்னை இருக்கச் சொன்னார். ஆனால் மாஸ்டர் என் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டார். பத்து நாளும் எறும்பு மொய்த்த துணிகளைத் துவைப்பதுதான் எனக்கு வேலை. அது நியாயம்தான்.

அமுலு என்னோடு பேசவில்லை. எண்ணெய் கொண்டுபோனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் துவைக்கிற இடத்துக்கு அவளே வந்தாள். "நீ சொல்லாம இருந்திருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமாக்கா? நானே நம்பியிருப்பேன். ராத்திரி படுத்துக்கினு, ஒருவேளை நான் எகிறலயோ, பயந்துட்டேனோன்னு யோசிச்சேன்க்கா. என் கால் மேல எனக்கே நம்பிக்கை போயிருக்கும்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், "அந்த சீன நான்தான் பண்ணுவேன். நூல நானே அறுத்துப் பாத்துட்டுத்தான் போட்டுக்குவேன். உங்க மாஸ்டராண்ட சொல்லிடு" என்றாள்.

அன்று மாலையே ஊருக்குப் போய், தெரிந்த சாயக்காரரிடம் அந்த இத்துப்போன நூலைக் கொடுத்து அரக்குச் சாயத்தில் தோய்த்து வாங்கி வந்தேன். "இத்துப்போன நூலுக்கு எதுக்குமா சாயம்?" என்று அவர் சிரித்தார். மூன்று தரம் தோய்த்தபின் பொருந்தியது. முதல் நாளே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

பதினோராம் நாள் மறுபடி ஜீப் காட்சி. சண்டை மாஸ்டர் ஒப்புக்கொண்டாலும் முன்ஜாக்கிரதையாகத் தன் ஆள் ஒருவனுக்கு அதே குர்தாவைப் போட்டு, விக் வைத்து, காலையிலிருந்தே மரத்தடியில் உட்கார வைத்திருந்தார். அவள் தயங்கினால் உடனே அவன் போவான். நீளக் கூந்தலோடு அவன் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

தஸ்தகீர் மாஸ்டர் ஊசியை என்னிடம் கொடுத்தார். அமுலு டப்பாவிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தானே அறுத்துப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு துண்டு அறுத்திருப்பாள். எல்லாம் பட்பட்டென்று விட்டன. பிறகு என்னிடம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். ஊசி என் கையில் நிற்கவில்லை.

"கை நடுங்குதாக்கா?"

"ஆமாடி."

"எனக்கும் காலு நடுங்குது. நீ தை."

பெரிய பெரிய தையலாகப் போட்டேன். எனக்கே பார்க்க அசிங்கமாக இருந்தது. மாஸ்டர் வந்து விரலால் இழுத்தார், விட்டது. அந்த இடத்தை மறுபடி தைத்தேன். அவர் தலையாட்டிய பிறகுதான் "ரெடி" என்றேன்.

ஜீப் நெருங்கியது. கம்பி விறைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அமுலு குதிகாலை ஊனி எகிறினாள். பர்ரென்று முதுகுத் துணி நடிகரின் கையோடு போனது. அவள் பந்துபோல உருண்டு, எழுந்து, ஓடினாள். குறி போட்டிருந்த கல்லையும் தாண்டி ஓடினாள். இயக்குநர் கட் சொல்ல மறந்துவிட்டார்.  ஏரிக்கரை மேல் ஏறி நின்றுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

முதல் விசில் மரத்தடியிலிருந்து வந்தது. அந்தப் பையன் எழுந்து நின்று, விக்கைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தான். சண்டை மாஸ்டர் அவனிடமிருந்து அதை வாங்கி என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். அவர் விரலில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது.

"இத உள்ள வெச்சிடும்மா. இனி தேவப்படாது."